லேபிள் இல்லாத மெட்ராஸ் கட்ட உடை: வடிவமைப்பாளர் யார் என்று தேடிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு கல்லூரி. ஆடை வடிவமைப்பு படிக்கிற மாணவர்கள் கையில் எடுத்துப் பார்த்துக் கற்றுக்கொள்வதற்காகப் பழைய உடைகளை அங்கே சேர்த்து வைத்திருக்கிறார்கள். அருங்காட்சியகம் என்று சொல்ல முடியாது. பாடத்துக்கான சேகரிப்பு, அவ்வளவுதான். வருகிற உடைகளைப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. என்ன துணி, எந்தக் காலம், யார் தயாரிப்பு, யார் கொடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் எழுத வேண்டும்.

2023 வசந்த காலத்தில் ஒரு பெண்மணி, காலமாகிவிட்ட தன் பாட்டியின் உடைகள் மூன்றைக் கொண்டுவந்தார். இரண்டில் லேபிள் பத்திரமாக இருந்தது. அவற்றில் பேச ஒன்றுமில்லை. மூன்றாவதில் லேபிள் கிடையாது. மெட்ராஸ் கட்டம் போட்ட பருத்தித் துணி (சென்னைப் பக்கத்துக் கைத்தறியில் பிறந்து அந்த ஊர்ப் பெயராலேயே வெளிநாட்டில் விற்ற, கைலியைப் போன்ற கட்டத் துணி), கையில்லாத மேல்பகுதி, முழங்காலுக்குக் கீழே இறங்கும் விரிந்த பாவாடை, பக்கத்துக்கொரு பாக்கெட். இடப்பக்கத் திறப்பில் பெரிய பித்தளை ஹூக்குகள் வெளியே தெரியும்படி வைத்திருந்தார்கள். இடுப்பிலிருந்து ஸ்பகெட்டி போல மெல்லிய இரண்டு நாடாக்கள் தொங்கின. அவற்றை இடுப்பைச் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

எங்களிடம் வருவதற்கு முன்பே அவர் பழைய உடை விற்கும் கடைக்காரர் ஒருவரிடம் அதைக் காட்டியிருந்தார். அவர் பார்த்த மாத்திரத்தில் "இது கிளேர் மெக்கார்டெல்" என்று பெயர் பெற்ற ஓர் அமெரிக்க வடிவமைப்பாளரின் பெயரைச் சொல்லி, நல்ல விலையும் பேசியிருந்தார். பெண்மணிக்குக் குழப்பம். மெக்கார்டெல்தான் என்றால் விற்பதா, கல்லூரிக்குக் கொடுப்பதா என்று வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டும். அதனால் உறுதிப்படுத்திச் சொல்லுங்கள் என்று கேட்டார்.

நாங்கள் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட்டோம்: விலை சொல்ல மாட்டோம். பொருளை வாங்கிக்கொள்ளும் இடமே அதற்கு விலையும் போடுவது சரியல்ல. இங்கே நன்கொடைக்கு வரிச் சலுகை உண்டு என்பதால் அதில் வில்லங்கமும் வரும். என்ன தெரிகிறது, எதை வைத்துத் தெரிகிறது என்று மட்டும் எழுதித் தருகிறோம் என்றோம். அவர் ஒத்துக்கொண்டார்.

அந்தப் பெயர் ஏன் வந்தது

கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. மெக்கார்டெலைப் பற்றித் தெரிந்த யாருக்கும் அந்த உடையைக் கண்டதும் அந்தப் பெயர்தான் நாக்கில் வரும்.

1905-இல் மேரிலாந்து மாநிலத்தின் ஃபிரெடரிக் ஊரில் பிறந்தவர் மெக்கார்டெல். பாரிஸைப் பார்த்து அப்படியே வெட்டித் தைத்துக்கொண்டிருந்த நியூயார்க் ஆயத்த ஆடைத் தொழிலில், வேலைக்குப் போகிற, சமைக்கிற, சைக்கிள் ஓட்டுகிற பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று யோசித்தவர். டெனிம், காலிகோ, ஜெர்சி என்று சாதாரணத் துணிகளை எடுத்துக்கொண்டார். உடையில் பாக்கெட் வைத்தார். பின்னால் யாராவது ஜிப் போட்டுவிட வேண்டிய நிலை இல்லாமல், தானே மாட்டிக்கொள்ளும்படி முன்னாலோ பக்கத்திலோ ஹூக் வைத்தார். அந்தப் பித்தளை ஹூக்கை மறைக்காமல் அலங்காரமாகவே காட்டினார். இடுப்பில் சுற்றிக் கட்டும் மெல்லிய நாடாவும் அவர் கைவரிசை. 1942-இல் வந்த அவருடைய பாப்ஓவர் என்ற சுற்று உடை 6.95 டாலருக்கு விற்றது. மெட்ராஸ் துணியையும் அவர் விட்டுவைக்கவில்லை. வீட்டு விருந்துக்கு உடுத்தும் நீள உடைக்கே அதைப் பயன்படுத்தியிருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்து அமெரிக்க ஆயத்த உடையில் வடிவமைப்பாளர் பெயர் இருப்பதே அபூர்வம். உற்பத்தி செய்த நிறுவனத்தின் பெயர் இருக்கும், அல்லது விற்ற கடையின் பெயர் இருக்கும். மெக்கார்டெல் வேலை பார்த்த டவுன்லி ஃபிராக்ஸ் நிறுவனம் 1940-இல் மறுபடி திறந்தபோது அவருடைய பெயரையும் சேர்த்து லேபிள் போட்டது. பெயர் கிடைத்த வெகு சிலரில் அவர் ஒருவர். பெயர் தெரியாத உடை கிடைத்தால், தெரிந்த சில பெயர்களில் ஒன்றை அதில் ஒட்டத் தோன்றுவது இயல்பு. இந்தத் துறையில் நான் பார்க்கிற தவறான அடையாளங்களில் பாதிக்கு மேல் இப்படி வந்தவைதான்.

கழுவுவதா வேண்டாமா

உடையில் லேசான மக்கல் வாசனை. பாவாடை ஓரத்தில் பழைய கறை. கொடுத்தவர் கழுவித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று தடுத்தோம்.

காரணம் துணி. பாக்கெட்டின் உள் தையலில், வெளியே தெரியாத இடத்தில், ஒரு சொட்டுக் காய்ச்சி வடித்த நீரை வைத்து ஒற்றுத்தாளை அழுத்தினோம். தாளில் செம்பழுப்பு நிறம் ஒட்டியது. சாயம் போகிற மெட்ராஸ். அலசினால் கட்டத்துக்குக் கட்டம் சாயம் ஓடும். ஓடிய சாயத்தை மீட்கவும் முடியாது.

1950களின் கடைசியில் இந்தத் துணி அமெரிக்காவுக்குப் பெருவாரியாகப் போனபோது, சலவை எச்சரிக்கை இல்லாமல் விற்று, சாயம் போய் வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வந்ததாகவும், பிறகு "கட்டாயம் சாயம் போகும்" என்பதையே விளம்பரமாக்கி விற்றதாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியோ, 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகளிடம் சாயம் போகிற மெட்ராஸ் பெரிய மோகமாக இருந்தது உண்மை. கைலிக் கட்டத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்த மோகம் இன்றும் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

லென்ஸ் வைத்துப் பார்த்ததில் கட்டம் அச்சடித்ததல்ல, நெய்ததுதான். முன்னும் பின்னும் ஒரே அழுத்தமான நிறம். ஊடை நூல் சில இடத்தில் தடித்தும் சில இடத்தில் மெலிந்தும் ஓடியது. நூலில் முடிச்சு முடிச்சாகத் திரட்சிகள். கைத்தறிக்கு உரிய லட்சணம். ஆனால் இதை வைத்துக் காலத்தையோ வடிவமைப்பாளரையோ சொல்ல முடியாது. மெக்கார்டெல் மட்டுமல்ல, பலரும் மெட்ராஸ் வாங்கினார்கள். துணியின் பிறப்பிடம் தெரிந்தது. உடையின் பிறப்பிடம் தெரியவில்லை.

உடையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தது

அடுத்து உடையை முழுக்க உள்வெளியாகத் திருப்பி, மெத்தைத் தாள் விரித்த மேசையில் பரப்பினோம். வெளிப்பக்கம் வடிவமைப்பாளர் என்ன நினைத்தார் என்று காட்டும்; உள்பக்கம் தயாரித்தவர் எவ்வளவு செலவு செய்யத் தயாராக இருந்தார் என்று காட்டும். நகல்கள் பெரும்பாலும் உள்பக்கத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன.

வீட்டில் தைத்ததா, தொழிற்சாலையில் தைத்ததா என்பதுதான் முதல் கேள்வி. இது வெறும் சம்பிரதாயக் கேள்வி அல்ல. 1950களில் ஸ்பாடியா என்ற நிறுவனம், பெயர் பெற்ற அமெரிக்க வடிவமைப்பாளர்களின் உடைகளுக்கான தையல் பேட்டர்ன்களைச் செய்தித்தாள்கள் வழியாக, அஞ்சலில் விற்றது. அதில் மெக்கார்டெலும் உண்டு. ஆகவே, மெக்கார்டெல் வரைந்த உடையை ஓஹாயோவில் ஒரு இல்லத்தரசி தன் வீட்டு மெஷினில் தைத்திருக்க முடியும். அப்படி ஒரு உடைக்கு வடிவமைப்பாளர் அவர்தான், ஆனால் தயாரிப்பு அவருடையதல்ல. லேபிளும் இருக்காது.

தையல் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பிசிறு வராமல் எல்லா ஓரமும் ஓவர்லாக் மெஷினில் அடித்திருந்தது. பாவாடை ஓரம் கையால் ஹெம்மிங் செய்ததல்ல. மெஷினில் போட்ட சங்கிலித் தையல், ஒரு நூலை இழுத்தால் சரசரவென்று பிரிந்துவிடும் வகை. பாக்கெட் முனைகளில் ஒரே அளவான அடைப்புத் தையல்கள். சந்தேகமில்லாமல் ஆயத்த ஆடை.

அடுத்து கட்டம் சேர்கிற விதம். கட்டத் துணியில் உடை தைக்கும்போது தையல் கூடும் இடத்தில் கோட்டுக்குக் கோடு பொருந்த வேண்டுமென்றால் துணி அதிகம் செலவாகும். இந்த உடையில் முன்பக்க மேல்பகுதியில் கட்டங்கள் அழகாகச் சேர்ந்திருந்தன. பக்கத் தையலில் ஒரு விரல் அளவு விலகியிருந்தன. பின்பக்கத்தில் சேர்க்க முயற்சியே செய்யவில்லை. பார்க்கிறவர் கண் படும் இடத்தில் மட்டும் துணியைச் செலவழித்திருக்கிறார்கள். பாக்கெட்டின் உள்பை மெட்ராஸ் அல்ல, மலிவான வெள்ளைத் துணி. விலை ஒரு கட்டுக்குள் நிற்க வேண்டும் என்று கணக்குப் பார்த்து வெட்டிய உடை இது.

ஹூக்குகளைத் தனியாகப் பார்த்தோம். விலை ஏற்றுவதற்காகப் பிற்பாடு யாராவது மாட்டியிருப்பார்களோ என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. ஹூக்கின் அடியில் துணியில் வெளிர் பச்சைக் கறை படிந்திருந்தது. பித்தளையில் உள்ள செம்பு ஈரக் காற்றில் அரித்து, பல வருஷங்களில் துணியில் இறங்குகிற கறை அது. ஹூக்கைத் தைத்த நூலும் உடையின் மற்ற நூலும் ஒரே நிறம், ஒரே பருமன். பழைய பொத்தான் துளையோ வேறு ஊசித் தடமோ அங்கே இல்லை. ஹூக்குகள் ஆதியிலிருந்தே இருந்தவை. சந்தேகம் தீர்ந்தது.

பின் கழுத்தில், உள்பக்கம், லேபிள் இருந்த இடம் தெரிந்தது. நான்கு மூலையிலும் ஊசித் துளைகள்; ஒரு மூலையில் கருநீல நூலின் நுனி. லேபிளைத் துணியில் கீறல் விழாமல், நூலை மட்டும் அறுத்து எடுத்திருக்கிறார்கள். லேபிளின் அளவை வைத்து எந்த நிறுவனம் என்று கண்டுபிடிக்கலாமா என்று ஒரு மாணவர் கேட்டார். வேண்டாம் என்று முடிவு செய்தோம். அந்த அளவில் லேபிள் போட்ட நிறுவனங்கள் எத்தனையோ. பொருந்தினாலும் அது சாட்சி ஆகாது, ஆனால் பொருந்திவிட்டது என்ற எண்ணம் மனதில் தங்கிவிடும்.

லேபிள் போனதற்கான காரணத்தை மட்டும் குடும்பத்தாரிடம் கேட்டோம். பாட்டி தள்ளுபடிக் கடைகளில் துணி வாங்குவதில் கெட்டிக்காரர் என்றார்கள். நியூயார்க்கில் அந்தக் காலத்தில் பெரிய நிறுவனங்களின் மிச்சச் சரக்கை எடுத்து, லேபிளை நீக்கிவிட்டு விற்கும் கடைகள் இருந்தன; 1921-இல் புரூக்ளினில் தொடங்கிய லோமன்ஸ் அதில் பேர்போனது. முழு விலைக்கு விற்கும் கடைகளின் வியாபாரம் கெடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. லேபிள் இல்லாததற்கு இது ஒரு நியாயமான விளக்கம். ஆனால் லேபிள் இல்லாதது உடை உயர்ந்தது என்பதற்கு அத்தாட்சி ஆகாது. "பெரிய பெயராக இருந்ததால்தான் வெட்டினார்கள்" என்று கடைக்காரர் சொன்னதாகக் கொடுத்தவர் சொன்னார். சின்னப் பெயர்களையும் அதே கடைகள் அதே கத்தரியால்தான் வெட்டின.

மற்ற பெயர்கள்

இந்தக் கட்டத்தில் மெக்கார்டெல் என்ற பெயரை நாங்கள் விடவில்லை. மற்ற பெயர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். டினா லெஸர் இந்தியத் துணிகளையும் இந்திய உடை வடிவங்களையும் விரும்பி எடுத்தவர். கேரலின் ஷ்னூரர் நாடு நாடாகப் போய் அங்கங்கே கண்டதை வைத்துக் கோடை உடைகள் செய்தவர். டாம் பிரிகன்ஸ் கடற்கரை உடைகளுக்குப் பெயர் பெற்றவர். மெட்ராஸ் கோடை உடை என்றால் இவர்களில் யாராகவும் இருக்கலாம்.

அருங்காட்சியகங்கள் இணையத்தில் வைத்திருக்கும் படங்களைத் தேடினோம். மெக்கார்டெலின் வரைபடங்கள் நியூயார்க்கின் நியூ ஸ்கூல் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, அவற்றையும் பார்த்தோம். இடுப்பு நாடா வந்தது, ஹூக் வந்தது, பாக்கெட் வந்தது. மூன்றும் இதே அமைப்பில் சேர்ந்த உடை ஒன்றும் வரவில்லை. வரவில்லை என்பதால் அவர் வரையவில்லை என்று ஆகாது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் உடையின் வெட்டுக்குப் பதிப்புரிமைப் (காப்பிரைட்) பாதுகாப்பு இல்லை. நகல் எடுப்பதைத் தடுக்க 1930களில் உற்பத்தியாளர்கள் ஒரு சங்கம் அமைத்து, நகல் விற்கும் கடைகளைப் புறக்கணித்துப் பார்த்தார்கள். 1941-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் புறக்கணிப்பு சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு கேட்பாரில்லை. நன்றாக விற்கிற ஒரு உடையைப் பார்த்து அடுத்த தெருவில் பாதி விலைக்குத் தைப்பது நியூயார்க்கின் ஆடைத் தொழில் தெருவான செவன்த் அவென்யூவில் அன்றாட வியாபாரம். ஆகவே ஹூக்கும் நாடாவும் பாக்கெட்டும் சேர்ந்து சொல்வது, இதை வரைந்தவர் மெக்கார்டெலின் உடைகளைப் பார்த்திருக்கிறார் என்பது வரைதான். அந்த வரைந்தவர் மெக்கார்டெலேதானா என்பதற்கு வேறு சாட்சி வேண்டும்.

அந்த நிலையில் பதிவேட்டில் தற்காலிகமாக எழுதியது: அமெரிக்க ஆயத்த உடை, 1950 முதல் 1965-க்குள், வடிவமைப்பாளர் தெரியவில்லை, மெக்கார்டெல் பாணி. கொடுத்தவரிடமும் அதையே சொன்னோம். அவருக்கு அது திருப்தி தரவில்லை. தெரியாது என்பதை ஒரு பதிலாக ஏற்றுக்கொள்வது யாருக்கும் சிரமம்தான்.

தையலுக்குள் இருந்த துண்டு

திருப்பம் ஒரு மாணவியால் வந்தது. உடையின் அமைப்பை வரைபடமாக வரையும் பயிற்சிக்காக அதை எடுத்தவர், வலப்பக்கத் தையலை அங்குலம் அங்குலமாக விரித்து அளந்துகொண்டிருந்தார். இடுப்புக்குச் சற்றுக் கீழே, ஓவர்லாக் தையலுக்கும் பக்கத் தையலுக்கும் நடுவே, விரல் நகத்தளவு வெள்ளை நாடாத் துண்டு ஒன்று மாட்டியிருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த பகுதியை யாரோ கத்தரியால் வெட்டியிருந்தார்கள். உறுத்துகிறது என்று நாம் எல்லோரும் செய்கிற காரியம். மிச்சமிருந்ததில் கறுப்பு எழுத்து. லென்ஸில் பார்த்தால் "ஆர்.என்." என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள், பிறகு 16 என்று தொடங்கும் எண். நான்கு இலக்கங்கள் முழுசாகத் தெரிந்தன. ஐந்தாவது இலக்கத்தின் கீழ்ப்பாதி மட்டும் தெரிந்தது. வட்டமாக வளைந்த அடிப்பாகம்.

ஆர்.என். என்பது பதிவு எண். துணி விற்கும் நிறுவனம் லேபிளில் தன் முழுப் பெயரைப் போடுவதற்குப் பதிலாக, அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் கொடுத்த எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். எண்கள் கொடுக்கப்பட்ட வரிசை தெரிந்ததே. 1950களில் கொடுத்த ஆர்.என். எண்கள் 4086-இல் நின்றுவிட்டன. 1959 முதல் கொடுத்தவை 13670-இல் தொடங்கி மேலே போகின்றன. 16 என்று தொடங்கும் ஐந்து இலக்க எண் என்றால் அது 1959-க்கு முன் இருந்திருக்கவே முடியாது.

மெக்கார்டெல் 1958 மார்ச்சில் இறந்துவிட்டார்.

ஆனால் இதை உடனே கொடுத்தவரிடம் சொல்லவில்லை. அந்த நாடா பின்னாளில் வைத்துத் தைத்ததாக இருந்தால் எல்லாம் பொய்த்துப்போகும். துணியில் என்ன இழை இருக்கிறது என்று லேபிளில் சொல்ல வேண்டும் என்ற சட்டம் 1960 மார்ச்சில்தான் அமலுக்கு வந்தது. பழைய சரக்குக்கு அப்போது யாராவது புது நாடா வைத்திருக்கலாம் அல்லவா? தையலை மறுபடி பார்த்தோம். நாடா பக்கத் தையலுக்கு அடியில் பிடிபட்டிருந்தது. அந்தத் தையலில் பிரித்துத் தைத்த தடம் இல்லை. ஒரே வரிசை ஊசித் துளைகள், ஒரே நூல், இடையில் முடிச்சில்லாமல் அக்குளிலிருந்து ஓரம் வரை. உடை தைத்த அன்றே நாடாவும் உள்ளே போயிருக்கிறது.

புகைப்படம்

இதே சமயத்தில் குடும்பத்திடம், பாட்டி இந்த உடையில் இருக்கும் படம் ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தோம். பழைய ஆல்பத்திலிருந்து ஒன்று கிடைத்தது. ஏரிக்கரையில், மர மேசைக்குப் பக்கத்தில் பாட்டி நிற்கிறார். அதே கட்டம், அதே ஹூக். அந்தக் காலத்துப் படங்களின் வெள்ளை ஓரத்தில் அச்சிட்ட மாதமும் வருஷமும் இருக்கும். இதில் 1963 ஆகஸ்ட். அது படத்தைக் கழுவி அச்சிட்ட நாள்தான், எடுத்த நாள் அதற்கு முன்னால்.

ஒரு பக்கம் 1959, மறுபக்கம் 1963 ஆகஸ்ட். பழைய உடைக்கு இவ்வளவு குறுகலான காலக் கணிப்பு கிடைப்பது அபூர்வம். லேபிள் பத்திரமாக இருக்கும் பல உடைகளுக்கே இது கிடைப்பதில்லை.

நிறுவனம்

ஆணையத்தின் பதிவு எண்களை இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். ஐந்தாவது இலக்கத்தின் அடி வட்டமாக வளைந்திருந்ததால் 1, 2, 4, 7 கழிந்தன. மீதி ஆறு எண்களைத் தேடினோம். சிலவற்றுக்குப் பதிவே கிடைக்கவில்லை. பெண்கள் உடைக்குச் சம்பந்தமில்லாத நிறுவனங்கள் சில. ஒன்று மட்டும் நியூயார்க்கில், ஆடைத் தொழில் நடக்கும் பகுதியில் முகவரி கொண்ட பெண்கள் உடை நிறுவனம்.

அந்த நிறுவனத்தின் பெயரை வைத்து டிஜிட்டல் செய்த பழைய செய்தித்தாள்களைத் துழாவினோம். நடுத்தர விலையில் கோடை உடைகள் விற்றதற்கான கடை விளம்பரங்கள் வந்தன. அவற்றில் மெட்ராஸும் உண்டு. எங்கள் உடையின் படம் இல்லை. எந்த விளம்பரத்திலும் வடிவமைப்பாளர் என்று ஒருவர் பெயர் இல்லை. உடை அந்த நிறுவனத்துடையதுதான் என்றால், அதன் மேசையில் உட்கார்ந்து மெக்கார்டெல் ஹூக்கையும் நாடாவையும் புதிய மோகமான மெட்ராஸில் பொருத்தி வரைந்தவர் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒருவர். அவர் பெயரை அச்சில் போட அந்தத் தொழிலில் யாருக்கும் அவசியம் இருக்கவில்லை.

முடிவும் அதற்கு வந்த ஆட்சேபமும்

பதிவேட்டில் கடைசியாக எழுதியது: அமெரிக்கா, நியூயார்க்காக இருக்கலாம், ஆயத்த உடை, 1959 முதல் 1963 வரை, கைத்தறி மெட்ராஸ் பருத்தி, சாயம் போகும், வடிவமைப்பாளர் தெரியவில்லை, மெக்கார்டெலின் பாணியைப் பின்பற்றியது, அவருடையதல்ல. நிறுவனத்தின் பெயரைக் குறிப்புப் பகுதியில் "இருக்கலாம்" என்ற சொல்லோடு மட்டும் சேர்த்தோம். ஐந்தாவது இலக்கம் பாதிதானே தெரிகிறது; பதிவு கிடைக்காத எண்களில் ஒன்றாகவும் அது இருக்கலாம்.

கொடுத்தவரை நேரில் வரவழைத்து, லென்ஸில் நாடாத் துண்டைக் காட்டி, எல்லாவற்றையும் விளக்கினோம். ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அப்படியென்றால் பாட்டி இதை வாங்கும்போது என்ன வயது என்று அவரே கணக்குப் போட ஆரம்பித்தார். தேதி கிடைத்தது அவருக்குப் பயன்பட்டது, பெயர் கிடைக்காவிட்டாலும்.

கடைக்காரர் ஏற்கவில்லை. மெக்கார்டெல் இறந்த பிறகும் அவருடைய பழைய வெட்டுகளை வைத்து யாராவது தைத்திருக்கலாமே என்று கேட்டு அனுப்பினார். கேள்வி நியாயமானது. அப்படி நடந்தது என்று காட்டும் ஆவணம் ஏதாவது இருந்தால் பதிவை மாற்றுகிறோம் என்று பதில் எழுதினோம். ஆவணம் வரவில்லை. அவர் முதலில் பேசிய விலையும் திரும்ப வரவில்லை.

குடும்பம் உடையைக் கல்லூரிக்கே கொடுத்துவிட்டது. அதை மடிக்காமல், அமிலமில்லாத தாள் திணித்து, அகலப் பெட்டியில் படுக்க வைத்திருக்கிறோம். நாடாக்கள் துணியில் உரசாமல் தனித்தனியே தாளில் சுற்றியிருக்கின்றன. ஹூக்குகளுக்கு அடியில் மெல்லிய பாலியெஸ்டர் தகடு, பச்சைக் கறை மேற்கொண்டு இறங்காமல் இருப்பதற்கு. ஓரத்துக் கறை அப்படியே இருக்கிறது. வெளியே வைத்தால் வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை.

நடைமுறையில் மாற்றியவை

முதலாவது, பார்க்கும் வரிசை. இப்போது லேபிள் இல்லாத உடை வந்தால் பாணியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே எல்லாத் தையலையும் உள்பக்கம் விரித்துப் பார்த்துவிடுகிறோம். பக்கத் தையல், இடுப்புப் பட்டி, பாக்கெட் வாய் ஆகிய மூன்று இடங்களில் வெட்டிய நாடாவின் வேர் மாட்டியிருக்கும். இந்த உடையில் அது முதல் நாளே கிடைத்திருந்தால் காப்பகத் தேடலின் பெரும்பகுதி தேவைப்பட்டிருக்காது.

உடையோடு படம் இருக்கிறதா என்ற கேள்வியை வரவுப் படிவத்திலேயே சேர்த்துவிட்டோம். கூடவே இன்னொரு வரியும்: "வடிவமைப்பாளர் பெயரை முதலில் சொன்னது யார், எதை வைத்து?" இதை நிரப்பும்போதே பாதிப் பெயர்கள் ஆட்டம் கண்டுவிடுகின்றன. அம்மா சொன்னார், அம்மாவுக்குக் கடையில் சொன்னார்கள், கடையில் யாருக்கு யார் சொன்னது என்று தெரியாது.

தற்காலிகக் கணிப்பைக் கொடுத்தவரிடம் சொல்வதா வேண்டாமா என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. "மெக்கார்டெல் பாணி" என்று நாங்கள் எழுதியதைக் குடும்பம் "மெக்கார்டெல்" என்றே கேட்டுக்கொண்டது. இடைக்கால அறிக்கையில் யார் பெயரும் வரக் கூடாது என்பது என் கட்சி. அப்படி எழுதினால் ஏன் அந்தப் பெயர் கழிந்தது என்பதே பதிவில் இல்லாமல் போய்விடும் என்று சக ஊழியர் சொல்கிறார். அதற்கும் அர்த்தம் இருக்கிறது. இப்போதைக்குப் பெயர் பதிவேட்டின் உள்குறிப்பில் இருக்கும், கொடுத்தவருக்குப் போகும் கடிதத்தில் இருக்காது.

ஐந்தாவது இலக்கத்தை முடிவு செய்ய, நாடாத் துண்டைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பெரிதாக்கிப் படம் எடுத்து வைத்திருக்கிறோம். தையலைப் பிரித்து நாடாவை வெளியே எடுத்தால் இன்னும் கொஞ்சம் தெரியலாம். பிரிப்பதில்லை என்று முடிவு செய்தோம்: நாடா பிரிக்கப்படாத தையலுக்குள் இருக்கிறது என்பதுதான் அந்தத் தேதிக்கு எங்களிடம் இருக்கும் ஆதாரம்.